டிஸ்க்குக்குள் ஓசோன்

இடுப்பில் தொடங்கும் வலி பின்தொடை வழியாகச் சுரீரென்று கணுக்கால் வரை இறங்கும். இருமினால் கூடும், குனிந்தால் உயிர் போகும். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் எல்4–எல்5 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று அறிக்கை வரும். ஊர்ப் பேச்சில் இதற்கு ‘ஜவ்வு விலகிடுச்சு’ என்பார்கள். மாத்திரை, பெல்ட், பிசியோதெரபி, எண்ணெய் வைத்தியம் என்று ஒரு சுற்று சுற்றி வந்த பிறகும் வலி அடங்காவிட்டால் அறுவை சிகிச்சைதான் மிச்சம் என்ற நிலை முன்பு இருந்தது. இப்போது அதற்கு முன்னால் இன்னொரு படி வந்திருக்கிறது: ஓசோன் ஊசி. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பல்லாண்டுகளாகப் போடப்பட்டுவரும் இந்த ஊசியை இந்தியப் பெருநகரங்களின் வலி சிகிச்சை மையங்களும் போடுகின்றன. கத்தியில்லை, தழும்பில்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம் என்ற வாக்குறுதி, மாதக்கணக்கில் தூக்கம் கெட்டவர்களை எளிதில் இழுத்துவிடும்.

அந்த வாக்குறுதியில் உண்மை இல்லாமல் இல்லை. முறையான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றில் சில நன்றாகவே செய்யப்பட்டவை. ஆனால் ‘ஆக்சிஜன் கொடுத்து டிஸ்க்குக்கு உயிரூட்டுகிறோம்’ என்று நோயாளியிடம் சொல்லப்படும் விளக்கம் தவறானது. டிஸ்க்குக்குள் போகும் ஓசோன் எதையும் ஊட்டுவதில்லை. அது அளவோடு அழிக்கிறது. அந்த அழிவுதான் பலன் தருகிறது. இதைப் புரிந்துகொண்டால்தான் யாருக்கு இந்த ஊசி உதவும், யாருக்கு உதவாது என்பது விளங்கும்.

முதலில் டிஸ்க்கைப் பார்ப்போம். இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருந்து பாரம் தாங்கும் இந்தப் பாகத்தின் வெளிச்சுற்று, நார்கள் அடுக்கடுக்காகப் பின்னிய உறுதியான வளையம். உள்ளே நுங்கு மாதிரி நீர் கோத்த கூழ். இளம் வயதில் அந்தக் கூழில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பவை புரோட்டியோகிளைகான் எனப்படும் பெரிய மூலக்கூறுகள். வயது ஏற ஏற இவை குறைகின்றன, கூழ் வறள்கிறது, வளையத்தில் விரிசல் விழுகிறது. பிறகு ஒரு நாள் குடத்தைத் தூக்கும்போதோ, சும்மா தும்மும்போதோ கூழ் அந்த விரிசல் வழியே பிதுங்கி நரம்பு வேரில் முட்டுகிறது. காலில் இறங்கும் வலிக்கும் இந்தப் பிதுக்கத்துக்கும் உள்ள தொடர்பைப் பாஸ்டன் மருத்துவர்கள் வில்லியம் மிக்ஸ்டரும் ஜோசப் பாரும் 1934-இல் வெளியிட்ட கட்டுரைதான் மருத்துவ உலகில் நிலைநாட்டியது. முட்டுவது மட்டுமே வலிக்குக் காரணமல்ல என்பது பின்னால் தெரியவந்தது. கசிந்த கூழைச் சுற்றி அழற்சி உண்டாகிறது; அதில் சுரக்கும் வேதிப்பொருட்கள் நரம்பு வேரை எரிச்சலுக்குள்ளாக்குகின்றன. ஸ்கேனில் சிறிதாகத் தெரியும் பிதுக்கம் ஒருவரைப் படுக்கையில் போடுவதும், பெரிதாகத் தெரிவது இன்னொருவரை ஒன்றும் செய்யாமல் விடுவதும் இதனால்தான்.

டிஸ்க்கின் இன்னொரு இயல்பு இந்த விஷயத்தின் மையம். மனித உடம்பில் ரத்தக் குழாய் இல்லாத பாகங்களில் ஆகப் பெரியது அதுதான். வளர்ந்த மனிதரின் டிஸ்க் நடுவிலுள்ள செல்களுக்கும் மிக அருகிலுள்ள ரத்தக் குழாய்க்கும் இடையே 7, 8 மில்லிமீட்டர் தூரம் இருக்கும். செல்லின் கணக்கில் அது பெரும் தொலைவு. குளுக்கோஸும் ஆக்சிஜனும் முள்ளெலும்பின் தட்டு வழியாகக் கசிந்து கசிந்துதான் உள்ளே போய்ச் சேர வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜில் அர்பன் என்ற ஆய்வாளர் டிஸ்க்கின் இந்த உணவுப் போக்குவரத்தை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவரும் உடன் ஆய்வாளர் ஒருவரும் 2001-இல் வெளியிட்ட சோதனையில், டிஸ்க் செல்கள் ஆக்சிஜன் இல்லாமலும் பல நாள் உயிரோடு இருந்தன. குளுக்கோஸை நிறுத்தியதும் சில நாட்களில் மடிந்தன. ஆக்சிஜன் பற்றாக்குறையில் வாழவே பழகிய செல்கள் அவை. ஆக்சிஜன் குறையும்போது மற்ற செல்களில் விழித்தெழும் ஒரு மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம், இவற்றில் எந்நேரமும் விழித்தே இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்துக்குக் கூடுதல் ஆக்சிஜனை அனுப்பினால் அது தானாகப் புத்துயிர் பெறும் என்று எதிர்பார்க்க உயிரியலில் இடமில்லை.

அப்படியானால் ஊசி எப்படி வேலை செய்கிறது? அதற்கு முன்னோடி ஒன்று உண்டு. அது பப்பாளியிலிருந்து வந்தது.

ஆட்டுக்கறி வேக மறுத்தால் ஒரு துண்டு பப்பாளிக்காயைக் குழம்பில் போடுவது நம் சமையலறைகளுக்குத் தெரிந்த கைவைத்தியம். காயில் வடியும் பாலிலுள்ள நொதிகள் புரதத்தை அறுத்து இறைச்சியை இளக்குகின்றன. 1956-இல் அமெரிக்க மருத்துவர் லூயிஸ் தாமஸ் அந்த நொதிகளை முயல்களின் ரத்தத்தில் செலுத்தினார். நிமிர்ந்து நின்ற காதுகள் சில மணி நேரத்தில் தொய்ந்து விழுந்தன. குருத்தெலும்பின் விறைப்பு போய்விட்டிருந்தது. இதைப் படித்த இல்லினாய் மாநில எலும்பு மருத்துவர் லைமன் ஸ்மித், பப்பாளிப் பாலிலுள்ள கைமோபப்பெய்ன் என்ற நொதியை டிஸ்க்குக்குள் செலுத்தினால் பிதுங்கிய கூழ் கரையுமே என்று யோசித்தார். மனிதர்களுக்குப் போட்டுப் பார்த்த முடிவுகளை 1964-இல் வெளியிட்டார். 1982-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்தது. ஏராளமானோர் போட்டுக்கொண்டார்கள், கணிசமானோருக்குக் குணமும் தெரிந்தது. ஆனால் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வந்தது. மிகச் சிலருக்குத் தண்டுவடம் பாதிக்கப்பட்டு வாதம் வந்தது. டாக்டர்களிடம் தயக்கம் கூடிற்று, விற்பனை சரிந்தது. 2003 வாக்கில் அமெரிக்கச் சந்தையிலிருந்தே மருந்து போய்விட்டது. கருத்து மட்டும் சாகவில்லை. வேறொரு நொதியான காண்டோலியேசுக்கு 2018-இல் ஜப்பான் அனுமதி கொடுத்தது.

உள்ளிருந்தே கரைக்கும் இந்த யோசனையை நொதிக்குப் பதில் வாயுவைக் கொண்டு செய்வதுதான் ஓசோன் ஊசி.

ஓசோனை அடையாளம் கண்டவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வேதியியல் கற்பித்த கிறிஸ்டியன் ஷோன்பைன். 1839-இல் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்துக்கொண்டிருந்தபோது, இடி விழுந்த இடத்தில் வரும் அதே காரமான வாடை தன் ஆய்வகத்திலும் வருவதைக் கவனித்தார். ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள், ஓசோனில் மூன்று. அந்த மூன்றாவது அணு ஒட்டி நிற்க விரும்பாமல், அருகில் அகப்படும் எதையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். இந்த முரட்டுத்தனம்தான் அதைக் கிருமிநாசினியாக்கியது. 1857-இல் வெர்னர் ஃபான் சீமன்ஸ் ஓசோன் உண்டாக்கும் கருவி செய்தார். 1906-இல் பிரான்சின் நீஸ் நகரம் குடிநீரைச் சுத்திகரிக்க ஓசோனைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1930களில் சுவிஸ் பல் மருத்துவர் ஒருவர் வாய்ப்புண்ணுக்கும் பல் தொற்றுக்கும் அதைக் கையாண்டார். முதுகுவலிக்குக் கொண்டுவந்தது இத்தாலி. 1980களில் சேசரே வெர்கா என்ற மருத்துவர் முதுகெலும்பை ஒட்டிய தசைகளில் ஆக்சிஜன்–ஓசோன் கலவையை ஊசியாகப் போட்டார். 1998-இல் நேப்பிள்ஸ் நகரின் மாரியோ மூட்டோவும் அவெல்லாவும் நேரடியாக டிஸ்க்குக்குள்ளேயே செலுத்திய அனுபவத்தை ஆய்விதழில் எழுதினார்கள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடியே ஊசி நகர்த்தும் நரம்புக் கதிரியல் மருத்துவர்களின் கைக்கு இது மாறியது அப்போதுதான்.

சிகிச்சை அறையில் நடப்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். நோயாளி குப்புறப் படுத்திருக்கிறார், அல்லது ஒருக்களித்து. மேலே வளைந்து நிற்கிறது சி-ஆர்ம் எக்ஸ்ரே. தோலில் மரப்பு ஊசி போட்டபின், மெல்லிய நீண்ட ஊசி இடுப்பின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக உள்ளே போகிறது. நரம்பு வேரைத் தொடாமல், எலும்பு மூட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு டிஸ்க்கின் நடுவை அது அடைய வேண்டும். ஊசி முனை எங்கே நிற்கிறது என்பதை இரண்டு கோணங்களில் திரையில் பார்த்து உறுதி செய்துகொள்கிறார் டாக்டர். பக்கத்து மேசையில் ஓசோன் கருவி. மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து வரும் வாயுவில் உயர் மின்னழுத்தத்தில் மின்சாரம் பாய்ந்து சிறு பகுதியை ஓசோனாக மாற்றுகிறது. இத்தாலிய ஆய்வுகளில் பரவலாகப் பயன்பட்ட செறிவு ஒரு மில்லிலிட்டருக்கு 27 மைக்ரோகிராம். எடைக் கணக்கில் ஏறத்தாழ 2 சதவீதம். மீதியெல்லாம் வெறும் ஆக்சிஜன். டிஸ்க்குக்குள் போவது சில மில்லிலிட்டர்தான். ஊசியைப் பின்னுக்கு இழுக்கும்போது நரம்பு வேரைச் சுற்றியும் கொஞ்சம் விடுவார்கள்.

வாயுவை முன்கூட்டித் தயாரித்துப் பாட்டிலில் வைக்க முடியாது. 20 டிகிரி வெப்பத்தில் ஓசோனில் பாதி 40 நிமிடத்தில் ஆக்சிஜனாகத் திரும்பிவிடும். 30 டிகிரியில் 25 நிமிடமே போதும். ரப்பரையும் அது அரித்துவிடும் என்பதால் சிரிஞ்சு கூடப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கருவி காட்டும் எண்ணும் சிரிஞ்சுக்குள் இருக்கும் செறிவும் ஒன்றாக இருக்க, கருவியை அவ்வப்போது அளவுத்திருத்தம் செய்தாக வேண்டும். இந்தச் சிகிச்சையின் தரம் மையத்துக்கு மையம் மாறுவதற்கு இவையெல்லாம் காரணம். மாத்திரையில் மருந்தின் அளவைத் தொழிற்சாலை உறுதி செய்கிறது. இங்கே அந்தப் பொறுப்பு முழுக்க அறைக்குள் நிற்பவர்களுடையது.

டிஸ்க்குக்குள் நுழைந்த ஓசோன் தண்ணீரோடும் புரோட்டியோகிளைகானோடும் உடனே வினைபுரிகிறது. தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த மூலக்கூறுகள் உடைகின்றன. கூழ் நீரை இழந்து சுருங்குகிறது. டிஸ்க் விரிந்து கொடுக்காத இறுக்கமான கூடு என்பதால் கொள்ளளவு சிறிது குறைந்தாலே உள்ளழுத்தம் கணிசமாகக் குறையும் என்பது கனடாவில் பணிபுரிந்த கதிரியல் மருத்துவர் கீரன் மர்ஃபி போன்றவர்கள் முன்வைத்த விளக்கம். இரண்டாவது வேலை நரம்பைச் சுற்றி நடக்கிறது. அழற்சியை வளர்க்கும் நொதிகளையும் சைட்டோகைன்களையும் ஓசோன் மட்டுப்படுத்துகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. கலவையிலுள்ள ஆக்சிஜன் அங்கே பெரும்பாலும் ஓசோனைச் சுமந்துவரும் வாகனம்தான்.

பலன் எவ்வளவு? 2003-இல் பாரி நகரைச் சேர்ந்த கோஸ்மா ஆந்திரேயூலா குழுவினர் 600 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டனர். டிஸ்க்கிலும் நரம்பு வேரருகிலும் ஓசோன் மட்டும் பெற்ற 300 பேரில் ஆறு மாதம் கழித்து 70.3 சதவீதத்தினருக்கு வெற்றி. ஓசோனோடு ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும் சேர்த்துப் பெற்ற 300 பேரில் 78.3 சதவீதம். எண்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் எதுவும் செய்யாமல் விடப்பட்ட குழு ஒன்று இதில் இல்லை. அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பதைக் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம்.

2007-இல் முடிவுகளை வெளியிட்ட இத்தாலியின் மாஸ்ஸிமோ கலூச்சி குழு 159 பேரை இரு பிரிவாக்கியிருந்தது. ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும்; மறு பிரிவுக்கு அவற்றோடு ஓசோனும். ஆறு மாத முடிவில் ஓசோன் சேர்ந்த பிரிவில் 74 சதவீதமும், சேராத பிரிவில் 47 சதவீதமும் தேறியிருந்தனர். 2009-இல் மார்கோ பாவுலோனி குழு இன்னும் கறாரான ஒரு சோதனையை வெளியிட்டது. டிஸ்க்குக்குள் போகாமல் முதுகுத் தசையில் மட்டும் போடும் எளிய முறைதான். ஆனால் 60 பேரில் ஒரு பகுதியினருக்கு ஓசோன் ஊசி, மற்றவர்களுக்குப் போலி ஊசி. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து வலியே இல்லை என்றவர்கள் ஓசோன் பிரிவில் 61 சதவீதம், போலிப் பிரிவில் 33 சதவீதம். ஆள் குறைவுதான், ஆனாலும் இந்தத் துறையில் மிக மதிப்புள்ள எண்களில் இது ஒன்று. ஏதோ ஒரு நிஜமான வேலை நடக்கிறது என்பதை மறுக்க முடியாமல் செய்வது இதுதான்.

2010-இல் பல மையங்களின் முடிவுகளைத் திரட்டி ஏறத்தாழ 8,000 நோயாளிகளைக் கொண்ட தொகுப்பாய்வு வந்தது. பத்துக்கு மதிப்பிடும் வலி அளவுகோலில் சராசரியாக 3.9 புள்ளி குறைந்ததாகவும், பக்கவிளைவு 0.064 சதவீதமே என்றும் அது சொன்னது. விளம்பரங்கள் விரும்பி எடுத்தாளும் எண் இது. உள்ளே சேர்க்கப்பட்ட பல ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழு இல்லை. பக்கவிளைவுகளை யார் எப்படிப் பதிவு செய்தார்கள் என்பதும் ஒரே சீராக இல்லை. தொகுப்பு பெரிதாவதால் மூலத்தின் குறை மறைந்துவிடாது.

அறுவை சிகிச்சையோடு நேருக்கு நேர் மோதிய சோதனை 2022-இல் ‘ஸ்பைன் ஜர்னல்’ இதழில் வந்தது. ஐரோப்பிய மருத்துவமனைகளில் 49 பேர் கலந்துகொண்டனர். ஒரு பிரிவுக்கு நுண் அறுவை சிகிச்சை, மறு பிரிவுக்கு டிஸ்க்குக்குள் ஓசோன். ஆறு மாதத்தில் கால்வலி குறைந்த விதத்தில் ஓசோன் பின்தங்கவில்லை. ஓசோன் பெற்றவர்களில் 71 சதவீதத்தினர் கத்தியையே தவிர்த்தனர். கருவி தயாரிப்பாளரின் பங்களிப்போடு நடந்த சிறிய ஆய்வு இது என்பதை நினைவில் வைத்தாலும், சரியாகத் தேர்ந்தெடுத்த நோயாளிக்கு இந்தப் படியை முதலில் முயல்வதில் நியாயம் இருக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம். பலன் தெரியாத மீதிப் பேருக்கு அறுவை சிகிச்சைக் கதவு திறந்தே இருந்தது.

இப்போது, சிகிச்சையே பெறாத குழு இல்லாத அந்த ஓட்டைக்கு வருவோம். டிஸ்க் பிதுக்கம் பெரும்பாலும் தானாகவே குணமாகும் நோய். வெளியே வந்த கூழை அந்நியப் பொருளாகக் கருதி உடம்பின் விழுங்கு செல்கள் தின்று தீர்க்கின்றன. 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, துண்டாகவே கழன்று விழுந்த பிதுக்கங்களில் 96 சதவீதமும், வளையத்தைக் கிழித்து வெளியேறியவற்றில் 70 சதவீதமும், வளையம் கிழியாமல் துருத்தியவற்றில் 41 சதவீதமும் சிகிச்சை இல்லாமலே சுருங்கியிருந்தன. ஸ்கேனில் பயங்கரமாகத் தெரிவதுதான் அதிகம் கரைகிறது. நெதர்லாந்தில் சயாட்டிகா எனப்படும், காலில் இறங்கும் வலியுள்ள 283 நோயாளிகளை வைத்து நடத்தி 2007-இல் வில்கோ பெயுல் குழு வெளியிட்ட சோதனையில், சீக்கிரமே அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகத் தணிந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதத்தினர் தேறியிருந்தனர். பொறுத்திருக்கச் சொன்ன பிரிவில் 39 சதவீதத்தினர் வலி தாங்காமல் இடையில் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். காத்திருப்பது எல்லோராலும் ஆகிற காரியமல்ல.

இதன் பொருள் எளிது. வலி உச்சத்தில் இருக்கும்போது மனிதர் சிகிச்சை தேடுகிறார். ஆறாவது வாரத்தில் போடும் எந்த ஊசியும் பத்தாவது வாரத்தில் வெற்றி பெற்றதாகவே தோன்றும். ‘எனக்கு ஓசோன் போட்டுச் சரியாச்சு’ என்று ஒருவர் சொல்வதில் பொய்யில்லை. ஓசோனால்தான் சரியாயிற்றா என்பதை அவர் ஒருவரை வைத்து அறிய முடியாது. போலி ஊசிப் பிரிவிலும் 33 சதவீதத்தினருக்கு வலியே இல்லாமல் போன பாவுலோனியின் சோதனை கற்றுத் தருவது இதையும்தான்.

ஸ்கேன் வேறு குழப்புகிறது. வலியே இல்லாத 3,110 பேரின் படங்களை 33 ஆய்வுகளிலிருந்து திரட்டிப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, இருபது வயதினரில் 30 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் டிஸ்க் புடைப்பு இருப்பதாகக் கணித்தது. வெறும் இடுப்புவலிக்கு ஸ்கேன் எடுத்து, அதில் தெரிந்த புடைப்பைக் காட்டி, அதற்கு ஓசோன் போடுவது பெரும்பாலும் நரை முடியைத் தலைவலிக்குக் காரணம் காட்டுவது போன்ற பிழை. காசு போகும், வலி போகாது. இந்தச் சிகிச்சையின் பெயர் கெடுவது முக்கியமாக இங்கேதான்.

ஆபத்துகள் அரிதானவை, ஆனால் அற்பமானவை அல்ல. 2004-இல் இத்தாலிய மருத்துவர்கள், ஓசோன் சிகிச்சையின்போதே மூளையின் பின்பகுதியில் பக்கவாதம் வந்த நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அதே ஆண்டு இன்னொருவருக்கு இரண்டு கண்களின் உட்பகுதியிலும் ரத்தக் கசிவு ஏற்பட்டது பதிவாயிற்று. ஊசிக்குப் பின் ரத்தத்தில் கிருமித் தொற்று பரவி ஒருவர் இறந்துபோனது 2007-இல் வெளியாயிற்று. வாயு தவறுதலாக ரத்தக் குழாய்க்குள் நுழைவது, ஊசி நரம்பு வேரைக் குத்துவது, கிருமி உள்ளே போவது ஆகிய மூன்றும்தான் முக்கிய வழிகள். ரத்த ஓட்டமில்லாத டிஸ்க்கில் தொற்று பிடித்துவிட்டால் ஆன்டிபயாடிக் அங்கே எளிதில் போய்ச் சேராது; வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடக்க வேண்டியிருக்கும். எனவே வெளிநோயாளி அறையில், எக்ஸ்ரே வழிகாட்டல் இல்லாமல், கையால் தடவிப் பார்த்து முதுகெலும்பருகே ஆழமாகப் போடப்படும் ஊசிக்கு எந்த நியாயமும் இல்லை. ஓசோனை மூச்சில் இழுப்பதும் நுரையீரலுக்குக் கேடு.

அரசுகளின் நிலைப்பாடு நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. விதிகள் ஓசோனை நச்சு வாயு என்றும், அறியப்பட்ட மருத்துவப் பயன் எதுவும் அதற்கில்லை என்றும் வரையறுக்கின்றன. அந்த விதியின் அக்கறை பெரும்பாலும் காற்றில் கலந்து மூச்சுக்குள் போகும் ஓசோனைப் பற்றியது என்று இத்தாலியர்கள் வாதிடுகிறார்கள். முதுகு ஊசியைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஐரோப்பிய, லத்தீன் அமெரிக்க ஓசோன் மருத்துவர்கள் 2010-இல் மாட்ரிட் பிரகடனம் என்ற பெயரில் அளவுகளையும் முறைகளையும் தொகுத்தார்கள். அந்தப் பிரகடனம் டிஸ்க்கோடு நிற்காமல் ஏராளமான நோய்களுக்கும் ஓசோனைப் பரிந்துரைக்கிறது. இது டிஸ்க் ஆய்வுகளுக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம். புற்றுநோய் முதல் முதுமை வரை அனைத்துக்கும் ஓசோன் என்று விற்பவர்களின் கூட்டத்தில், உருப்படியான ஆதாரமுள்ள இந்தப் பயன்பாடும் சேர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது.

ஆக்சிஜன் சிகிச்சை என்ற பெயரில் விற்கப்படும் இன்னொன்று அழுத்த அறை. மூடிய கலனுக்குள் காற்றழுத்தத்தை இரண்டு, மூன்று மடங்காக ஏற்றி, நோயாளியைத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்வது. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது 100 மில்லிலிட்டர் ரத்தத் திரவத்தில் 0.3 மில்லிலிட்டர் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். மூன்று மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது 6 மில்லிலிட்டரைத் தொடும். ஆம்ஸ்டர்டாம் அறுவை மருத்துவர் இட்டே பூரேமா, சிவப்பணுக்களை ஏறத்தாழ முழுவதும் நீக்கிய பன்றிகள் இந்த ஆக்சிஜனை வைத்தே உயிர் தரித்ததை 1960-இல் வெளியிட்டார். ஆழ்கடலில் மூழ்கியவர்களுக்கு வரும் அழுத்த நோய், கார்பன் மோனாக்சைடு விஷம், ஆறாத சர்க்கரை நோய்ப் புண், நாள்பட்ட எலும்புத் தொற்று போன்றவற்றுக்கு இது முறையான சிகிச்சை. முதுகெலும்பு அறுவைக்குப் பின் எலும்பில் தொற்று பிடித்து மருந்துக்கு அடங்காதபோதும் துணைச் சிகிச்சையாகப் பயன்படும்.

டிஸ்க் பிதுக்கம் அந்த அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லை. தைவானின் சாங் குங் மருத்துவமனை ஆய்வாளர்கள், அறுவையில் எடுத்த சிதைந்த டிஸ்க் செல்களை அழுத்த அறையில் வைத்தபோது அழற்சிப் பொருட்கள் குறைந்ததாக 2011-இல் எழுதினார்கள். அது வளர்ப்புத் தட்டில் நடந்த சோதனை. தட்டிலுள்ள செல்லை ஆக்சிஜன் நேரே தொடுகிறது; உடம்பிலுள்ள டிஸ்க்கை அது தொட, குழாயில்லாத எட்டு மில்லிமீட்டரைக் கடக்க வேண்டும். காதுச் சவ்வில் காயம், வலிப்பு, தற்காலிகப் பார்வைக் குறைவு ஆகியவை அழுத்த அறையின் தெரிந்த பக்கவிளைவுகள். தீ ஆபத்தும் நிஜமானது: 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டிராய் நகரில் அழுத்த அறை தீப்பற்றியதில் ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான். டிஸ்க் வலிக்காக இதில் பல அமர்வுகளுக்குப் பணம் கட்டச் சொல்பவர்களை நம்புவதற்கு இதுவரை காரணம் ஏற்படவில்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஓசோன் ஊசிக்கு ஒரு குறுகிய, ஆனால் உறுதியான இடம் தெரிகிறது. இடுப்பைவிடக் காலில் வலி அதிகம். வலி இறங்கும் பாதையும் ஸ்கேனில் அழுத்தப்படும் நரம்பும் பொருந்துகின்றன. கூழ் துண்டாகக் கழன்று விழாமல் டிஸ்க்கோடு ஒட்டியிருக்கிறது. ஆறு வாரமாவது மருந்தும் பிசியோதெரபியும் பார்த்தாயிற்று. தூக்கமும் வேலையும் இன்னும் கெடுகின்றன. இப்படிப்பட்டவருக்கு, ஸ்டீராய்டு ஊசிக்குப் பக்கத்திலும் அறுவை சிகிச்சைக்கு முன்பும் வைத்துப் பேச வேண்டிய வழி இது. எலும்பு வளர்ந்து நரம்புக் கால்வாய் குறுகியிருந்தாலோ, டிஸ்க் சுண்ணாம்பு படிந்து கெட்டித்துவிட்டிருந்தாலோ, ஒரு முள்ளெலும்பு இன்னொன்றின் மேல் வழுக்கியிருந்தாலோ வாயு ஒன்றும் செய்ய முடியாது. கர்ப்பிணிகளுக்கும், தைராய்டு மிகைச் சுரப்பு கட்டுப்படாமல் இருப்பவர்களுக்கும், ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்களுக்கும், ஜி6பி.டி. நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் கூடாது. ஜி6பி.டி. குறைபாடு இந்தியாவில் அபூர்வமல்ல. எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதைக் கேட்காமலே ஊசிக்கு நாள் குறிக்கும் மையத்தில் வேறு எதையெல்லாம் கேட்காமல் விடுவார்களோ.

நோயாளி கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. டிஸ்க்குக்குள் போடுகிறீர்களா, தசையிலா? எந்தப் படக்கருவியின் வழிகாட்டலில்? செறிவு எவ்வளவு, கருவியை எப்போது சரிபார்த்தீர்கள்? ஓசோனோடு ஸ்டீராய்டும் சேர்கிறதா? பலன் இல்லையென்றால் அடுத்து என்ன? நேரான பதில் தரும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் நூற்றுக்கு நூறு என்று சொல்வதில்லை. ஊசிக்குப் பிறகு சில நாள் பாரம் தூக்காமல், நீண்ட நேரம் உட்காராமல் இருந்து, பிறகு வயிறு, முதுகுத் தசைகளுக்கான பயிற்சியைத் தொடங்க வேண்டும். பயிற்சியை விட்டுவிட்டால் அடுத்த டிஸ்க்கும் அதே வழியில் போக நேரிடும்.

சில அறிகுறிகள் வந்தால் ஓசோன் பேச்சே எடுக்கக் கூடாது. பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுகிறது; தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போகிறது; சிறுநீர் கழிக்க முடியவில்லை, அல்லது தெரியாமலே போகிறது; மலத்தை அடக்க முடியவில்லை. தண்டுவடத்தின் கீழ் முனையிலிருந்து தொங்கும் நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று அர்த்தம். அன்றிரவே முதுகெலும்பு அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும். 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்கினால்தான் சிறுநீர்ப்பை மீண்டும் வேலை செய்யும் வாய்ப்பு கூடும்.